இரண்டு தோளிலும் அரளி

அத்தியாயம் 11

அடுப்படி மேடையில் ஒரு கிண்ணத்தில் வேலம்பிசின் ஊறிக்கொண்டிருந்தது. பல் தேய்த்துவிட்டு வந்த சுகுணா அதைப் பார்த்தாள். பார்த்ததோடு சரி.

"உடம்பு சூடு கண்ணு. அதான் ஊறப்போட்டேன்" என்றாள் அம்மா நிர்மலாதேவி.

மகள் கேட்கவே இல்லை. கேட்காத கேள்விக்குப் பதில் வந்தால் எவரும் கொஞ்சம் நிமிர்ந்து பார்ப்பார்கள். அதுவும் தர்க்கம் படிக்கிற பெண்! ஆனால் விடிய விடியப் பஸ்ஸில் உட்கார்ந்து வந்தவளுக்கு அந்த நேரத்தில் காபிதான் பெரிதாகப் பட்டது. டம்ளரை வாங்கிக்கொண்டு வாசலுக்குப் போய்விட்டாள். அன்றைக்கு அவள் செய்த முதல் தவறு அது.

போன அத்தியாயத்தில் அவளைச் சென்னையில் பஸ் ஏற்றிவிட்டோம். எதற்காக ஏறினாள் என்பதை, இப்போதுதான் வந்து உட்காருகிறவர்களுக்காக ஒருமுறை சொல்லிவிடலாம்.

சுகுணாவின் அப்பா மாதேஸ்வரன் ஏழு வருஷத்துக்கு முன்னால் ஓர் ஆடி மாதத்தில் காணாமல் போனார். காவிரியில் வெள்ளம் கரைபுரண்டு போய்க்கொண்டிருந்த நேரம். மேட்டுக்காட்டுக்குப் போய்விட்டு வருகிறேன் என்று கிளம்பியவர் திரும்பவில்லை. அவருடைய பைக் மட்டும் ஒகேனக்கல்லில், பரிசல் துறைக்குப் போகிற வழியில் பூட்டி நின்றது. ஆள் இல்லை, உடலும் இல்லை. ஆறு கொண்டுபோய்விட்டது என்று ஊர் முடிவு கட்டியது. ஆனாலும் உடலைப் பார்க்காமல் கருமாதி செய்ய யாருக்கும் மனசு வரவில்லை. நிர்மலாதேவியின் கழுத்தில் தாலி அப்படியே இருந்தது. பென்னாகரம் சந்தையில் எதிர்ப்படுகிறவர்களின் கண் முதலில் அந்தக் கழுத்துக்குப் போகும், பிறகுதான் முகத்துக்கு வரும். அந்தப் பார்வைக்கு அவள் பழகிவிட்டிருந்தாள்.

இப்போது மாதேஸ்வரனின் அண்ணன் அர்ச்சுனன் ஒரு வக்கீலைப் பார்த்துவிட்டு வந்திருக்கிறார். ஏழு வருஷமாக ஒருவரைப் பற்றி எந்தத் தகவலும் இல்லையென்றால், அவர் இறந்துவிட்டதாக எடுத்துக்கொள்ளச் சட்டத்தில் இடம் இருக்கிறதாம். அப்படித் தீர்ப்பு வாங்கிவிட்டால் அண்ணன் தம்பிக்குப் பொதுவாகக் கிடக்கும் மேட்டுக்காட்டு நிலத்தை விற்றுவிடலாம். அதியமான்கோட்டையிலிருந்து ஒருவர், காய்கறிக் கிடங்கு கட்டுவதற்காகக் கேட்டுக்கொண்டிருந்தார்.

சட்டம் சொன்னால் போதுமா? அம்மனும் சொல்ல வேண்டாமா? அதற்குத்தான் இன்றைக்குப் பூக் கேட்பது.

அவர்கள் வகையறாவில் பூக் கேட்பதற்கு ஒரு முறை உண்டு. கேட்கிற வீட்டிலிருந்துதான் செம்பில் தண்ணீரும் அதில் போட்ட அரளிப்பூவும் வர வேண்டும். பூசாரி நனைந்த பூவை எடுத்து அம்மன் சிலையின் வலது தோளில் ஒன்று, இடது தோளில் ஒன்று ஒட்டுவார். ஈரம் காயக் காய ஏதாவது ஒன்று முந்திக்கொண்டு விழும். வலது பூ விழுந்தால் மாதேஸ்வரன் உயிரோடு இருக்கிறார். இடது பூ விழுந்தால் இல்லை. இல்லையென்றால் கருமாதிக்கு நாள் குறித்து, நிர்மலாதேவியின் தாலியை இறக்கிவிடுவார்கள்.

இந்த இடத்தில்தான் சுகுணாவின் படிப்பு குறுக்கே வந்தது.

எம்.எஸ்ஸி. கடைசி வருஷம், கணிதத் தர்க்கம் எடுத்திருந்தாள். ஊரில் யாராவது என்ன படிக்கிறாய் என்றால் மேத்ஸ் என்று சொல்லி முடித்துக்கொள்வாள். டீச்சர் வேலைக்கா என்று கேட்டால் ஆமாம் என்பாள். அவள் ஆய்வேடு எழுதியிருந்தது நடுவிலக்கு விதியைப் பற்றி. ஒரு கூற்று உண்மை, இல்லாவிட்டால் அதன் மறுப்பு உண்மை, மூன்றாவது கிடையாது என்பதுதான் அந்த விதி. இதில் ஆராய்வதற்கு என்ன இருக்கிறது என்று தோன்றும். ஆனால் முடிவே இல்லாமல் நீளுகிற ஓர் எண் வரிசையில், எங்காவது ஓர் இடத்தில் நூறு ஏழுகள் அடுத்தடுத்து வருமா என்று கேட்டால்? வரும் அல்லது வராது, இரண்டில் ஒன்று நிச்சயம் என்பார்கள் பெரும்பாலானவர்கள். ஒரு சிலர் மட்டும் ஒத்துக்கொள்ள மாட்டார்கள். அந்த நூறு ஏழுகளைக் காட்டு, அல்லது வரவே முடியாது என்று நிறுவு, இரண்டும் முடியாதவரை இரண்டில் ஒன்று நிச்சயம் என்று சொல்ல நீ யார் என்பார்கள்.

சுகுணா அந்தச் சிலருடைய கட்சி. அவளுடைய பேராசிரியர் ஆரோக்கியராஜ் எதிர்க்கட்சி. கணிதத்தில் பாதியைத் தூக்கிக் குப்பையில் போடச் சொல்கிற கூட்டம் என்று அவளைக் கிண்டல் செய்வார். வருகிற திங்கட்கிழமை வாய்மொழித் தேர்வில் அவர் முன்னால்தான் அவள் நின்று பேச வேண்டும்.

அந்தக் கட்சிப் பிடிவாதத்தில்தான், போன வாரம் அம்மாவோடு போனில் பேசி முடித்த சூட்டோடு, பெரியப்பாவை அழைத்து மூன்றாவதாக ஒன்றைக் கேட்டு வாங்கியிருந்தாள். விளக்கு மலையேறும்வரை இரண்டு பூவுமே விழாவிட்டால் எதுவும் மாறக்கூடாது. தாலியும் இருக்கும், காடும் இருக்கும். பெரியப்பா சிரித்துக்கொண்டே சம்மதித்தார். விழாத பூவை யார் பார்த்திருக்கிறார்கள்?

காபி குடித்ததும் அம்மாவும் மகளும் செம்பை எடுத்துக்கொண்டு மேட்டுக்காட்டுக்குப் போனார்கள்.

காட்டின் நடுவில் முன்பு ஒரு கிணறு இருந்தது. அப்பா காணாமல் போன அதே மாதத்தில், ஆடு விழுந்துவிடும் என்று சொல்லி அம்மா அதைக் கல்லும் மண்ணும் கொட்டி மூடச் செய்துவிட்டாள். மூடிய இடத்தில் ஓர் அரளிக் குச்சியை நட்டாள். சுற்றிலும் குச்சிக்கிழங்குச் செடி வெயிலில் துவண்டு கிடக்க, தண்ணீர் ஊற்றாத அந்த அரளி மட்டும் ஆள் உயரத்துக்குச் செழித்துச் சிவப்பாகப் பூத்திருந்தது. சின்னப் பிள்ளையாக இருந்தபோது சுகுணா இந்தக் கிணற்றில் நீந்தியிருக்கிறாள். இப்போது அந்த மண்ணில் கால் வைக்க ஏனோ அவளுக்குக் கூச்சமாக இருந்தது. தள்ளியே நின்றாள்.

தார்ரோட்டு ஓரத்தில் ஒரு ஜேசிபி நின்றிருந்தது. அதன் பக்கத்தில் காரை நிறுத்திவிட்டு அர்ச்சுனன் வரப்பில் நடந்து வந்தார். வெள்ளை வேட்டி, தோளில் துண்டு, முகத்தில் தூங்காத களைப்பு. கெட்ட மனிதர் இல்லை. சுகுணாவின் ஹாஸ்டல் செலவைப் பார்த்துக்கொண்டவரே அவர்தான். தம்பி பேச்சை எடுத்தால் இன்னும் குரல் உடையும்.

ஜேசிபி எதற்கு என்று சுகுணா கேட்டாள். வாங்குகிறவர் அவசரப்படுகிறார், இடது பூ விழுந்துவிட்டால் நல்ல நாள் பார்த்து முதலில் பழைய கிணற்றைத் தோண்டச் சொல்லியிருக்கிறார் என்றார் பெரியப்பா. வற்றாத ஊற்று இருந்த கிணறு, மண்ணை எடுத்தால் தண்ணீர் வந்துவிடும்.

பூப் பறித்துக்கொண்டிருந்த நிர்மலாதேவியின் கை ஒரு கிளையைப் பிடித்தபடி நின்றது. பிறகு மறுபடி பறிக்க ஆரம்பித்தது.

"வலது பூ விழுந்தா?" என்றாள் சுகுணா.

"வுழுந்தா நான் சும்மா இருப்பேனா கண்ணு? கேஸத் திரும்பத் தொறக்கச் சொல்லுவேன். அன்னிக்கு இந்தக் காட்டுக்கு வரேன்னுதான கெளம்புனான். இங்க இருந்தே தேட ஆரம்பிப்பேன். உசுரோட இருக்கறவனத் தேடாம வுட்ட பாவம் எனக்கு வேண்டாம்."

தெரியாதது தெரியாததாகவே இருக்கட்டுமே என்று சுகுணா மெல்லச் சொல்லிப் பார்த்தாள். பெரியப்பா துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டார்.

"உங்கொப்பன் உசுரோட இருக்கறான்னு சொல்றியா?"

"அப்பிடிச் சொல்லலீங்க பெரிப்பா. செத்துட்டாருன்னு சொல்ல நம்மகிட்ட ஒண்ணும் இல்லன்னு சொல்றேன்."

"ரெண்டும் ஒண்ணுதான?"

"இல்லீங்க. ரெண்டும் வேற வேற."

"இருந்தா காட்டு கண்ணு. ஏழு வருசமா நானும் அதத்தான் கேக்கறேன். எங்க இருக்கறான், காட்டு."

காட்டு என்பது அவளுடைய கட்சியின் வார்த்தை. ஆரோக்கியராஜ் சாரிடம் இரண்டு வருஷமாக அவள் மல்லுக்கட்டியது அந்த ஒரு வார்த்தையை வைத்துத்தான். காகிதத்தில் அழகாக இருந்த அந்த வார்த்தை, அப்பாவின் அண்ணன் வாயிலிருந்து அவளிடமே திரும்பி வந்தது.

அம்மா செம்பை இடுப்பில் வைத்துக்கொண்டு, நேரமாகிறது என்று முன்னால் நடந்தாள். கோயிலுக்குப் போகும் வழியில் வீட்டுக்குள் ஒரு நிமிஷம் போய்த் தண்ணீர் நிரப்பிக்கொண்டு வந்தாள்.

ஊர் எல்லையில் வேப்பமரத்தடியில் நிற்கிற அம்மன் அது. அரை ஆள் உயரக் கருங்கல் சிலை, மேலே தகரக் கூரை. பூசாரி ராஜாமணி விளக்கில் எண்ணெயை அளவாக ஊற்றி ஏற்றினார். செம்பில் கைவிட்டு இரண்டு பூவை எடுத்தார். ஒட்டி முடித்ததும் விரலை விரலோடு தேய்த்துப் பார்த்தார்.

"அரளிப்பால் ரொம்ப இருக்குது" என்று வேட்டியில் துடைத்துக்கொண்டார்.

பிறகு அங்கே கூடியிருந்த சொந்தபந்தம் எல்லோரும் காத்திருந்தார்கள்.

காத்திருக்கும்போது மனசு நல்லதை மட்டும் நினைக்குமா என்ன? எந்தப் பூ விழ வேண்டும் என்று சுகுணா தன்னையே கேட்டுப் பார்த்தாள். வலது பூதான், சந்தேகமே இல்லை. அப்பா வேண்டும். பஸ்ஸில் முன்பின் தெரியாதவர்களிடம் மகளின் மார்க்கைச் சொல்லிப் பெருமைப்படுகிற அப்பா. ஆனால் குடித்துவிட்டு வருகிற இன்னோர் அப்பாவும் அதே சட்டைக்குள்தான் இருந்தார். அந்த ஆடியில் அவள் தருமபுரியில் ஹாஸ்டலில் இருந்தாள். செய்தி கேட்டு ஓடி வந்தபோது அம்மாவின் வலது கையில் கட்டுப் போட்டிருந்தது. மாட்டுக்கொட்டாயில் வழுக்கி விழுந்துவிட்டேன் என்றாள் அம்மா. அதையும் சுகுணா கேட்டிருக்கவில்லை. இத்தனை வருஷம் கழித்து இப்போது எதற்கு அந்தக் கட்டு நினைவுக்கு வருகிறது என்று அவளுக்குத் தன்மீதே எரிச்சல் வந்தது.

வெயில் ஏறியது. மலைப் பக்கமிருந்து காற்றுக் கிளம்பி வேப்பிலைகளைக் கொட்டியது. தகரம் தடதடவென்று ஆடியது. அர்ச்சுனனின் துண்டு பறந்து போய் வேலியில் மாட்டிக்கொண்டது. அம்மன் தோளில் இருந்த பூக்கள் மட்டும் அசையவில்லை. ஈரம் முழுக்கக் காய்ந்து இதழ்கள் சுருண்டு கறுத்தன. அப்படியும் இரண்டும் ஒட்டிக்கொண்டே இருந்தன.

ராஜாமணி ஒருமுறை சிலைக்குக் கிட்டத்தில் போய்ப் பார்த்துவிட்டு வந்து உட்கார்ந்தார்.

சுகுணா சுற்றிப் பார்த்தாள். எல்லோருடைய கண்ணும் பூவில் இருந்தது. அம்மா மட்டும் பூவைப் பார்க்கவில்லை. விளக்கைப் பார்த்துக்கொண்டிருந்தாள். எண்ணெய் எவ்வளவு மிச்சம் இருக்கிறது என்பதைத் தவிர உலகத்தில் அவளுக்கு வேறு கவலையே இல்லாததுபோல் இருந்தது அந்த முகம்.

விளக்கு ஒருமுறை துள்ளி, புகைந்து, மலையேறியது.

"என் வயசுக்கு இப்பிடிப் பாத்ததில்ல" என்றார் ராஜாமணி. "ஆத்தா ஏதோ சொல்ல மாட்டேங்கறா. சொன்னா யாரும் தாங்க மாட்டாங்கன்னு இருக்கறாளோ என்னமோ."

கூட்டத்தில் யாரோ ஒரு பெண் சேலைத் தலைப்பை இழுத்து மூடிக்கொண்டாள். அர்ச்சுனன் வேலியிலிருந்து துண்டை எடுத்துக்கொண்டு வந்தார். கொடுத்த வாக்கு வாக்குதான், எதுவும் மாறாது என்றார். ஜேசிபியைத் திருப்பி அனுப்பச் சொல்லிப் போன் பண்ணினார். சுகுணாவுக்கு ஒரு பாரம் இறங்கியது. அதற்குள் அவர் தம்பி மனைவி பக்கம் திரும்பினார்.

"அடுத்த அமாவாசைக்குத் திரும்பக் கேப்போம்மா. அப்ப பூவும் தண்ணியும் என் வூட்ல இருந்து வரட்டும்."

"சரிங்க மாமா" என்றாள் நிர்மலாதேவி. தாலியைப் புடவைக்குள் எடுத்து விட்டுக்கொண்டு நடந்தாள்.

வீட்டுக்கு வந்ததும் அவள் நேராக மாட்டுக்கொட்டாய்க்குப் போய்விட்டாள். சுகுணா செம்பைக் கழுவலாம் என்று தொட்டியடிக்கு எடுத்துப் போனாள். அடியில் கொஞ்சம் தண்ணீர் மிச்சம் இருந்தது. உள்ளே கைவிட்டாள். விரல்கள் ஒன்றோடொன்று ஒட்டிக்கொண்டன.

அரளிப்பால் இப்படி ஒட்டாது. இந்தப் பிசுபிசுப்பு அவளுக்கு நன்றாகத் தெரியும். பள்ளிக்கூடத்து நோட்டுகளுக்கெல்லாம் இதை வைத்துத்தான் அட்டை ஒட்டியிருக்கிறாள். வேலம்பிசின்.

அடுப்படிக்குப் போய்ப் பார்த்தாள். காலையில் நிறைய ஊறிக்கொண்டிருந்த கிண்ணம் காலியாகக் கவிழ்ந்து கிடந்தது.

முதலில் அவளுக்குச் சிரிப்பு வந்தது. அடி அம்மா! தாலியைக் காப்பாற்ற அம்மனையே ஏமாற்றிவிட்டாயா? சிரிப்போடு கண்ணும் கலங்கியது. இவ்வளவு ஆசையா அந்த மனுஷன்மேல் என்று பாசம் பொங்கியது. கூடவே இன்னொன்றும் நினைவுக்கு வந்தது. இரண்டும் விழாவிட்டால் என்ன செய்வார்கள் என்று போன வாரம் போனில் முதலில் கேட்டது அம்மாதான். அதைத்தான் தன்னுடைய யோசனை என்று நினைத்துக்கொண்டு பெரியப்பாவிடம் கேட்டு வாங்கியிருக்கிறோம் என்று அவளுக்கு வெட்கமாகவும் இருந்தது.

செம்பும் கையுமாகக் கொட்டாய்க்குப் போனாள். அம்மா முக்காலியில் உட்கார்ந்து சோளத்தட்டை ஒடித்துப் போட்டுக்கொண்டிருந்தாள்.

"இடப்பக்கம் வுழுந்துரும்னு பயந்துதான இப்பிடிப் பண்ணின?" என்று சுகுணா பக்கத்தில் குந்தி உட்கார்ந்தாள். "வலப்பக்கத்துப் பூவையும் சேத்துல்ல ஒட்டிப்புட்ட. அது வுழுந்திருந்தா நமக்கு நல்லதுதானம்மா?"

அம்மா தலையை நிமிர்த்தவில்லை. ஒரு தட்டையை ஒடித்தாள். இன்னொன்றை எடுத்தாள்.

"வலப்பக்கம் வுழுந்தா தேடுவாங்க" என்றாள்.

முதல் வருஷத்து முதல் மாதத்துப் பாடம் அது. இது அல்லது அது என்று இருக்கும்போது, இதைப் பிடித்துப் போனாலும் அதைப் பிடித்துப் போனாலும் ஒரே முடிவில்தான் போய் நிற்கிறோம் என்றால், அந்த முடிவு நிறுவப்பட்டது. இடது பூ விழுந்தால் காடு விலைக்குப் போகும், கிணற்றைத் தோண்டுவார்கள். வலது பூ விழுந்தால் தேடுவார்கள், காட்டிலிருந்தே ஆரம்பிப்பார்கள். எந்தப் பூ விழுந்தாலும் போய் நிற்கிற இடம் அந்த அரளிச் செடி.

இல்லை, அப்படி இருக்காது. ஒகேனக்கல்லில் பைக் நின்றதே. அம்மாவுக்கு சைக்கிள்கூட ஓட்டத் தெரியாதே. அப்படியானால் அந்த வண்டியை அங்கே கொண்டுபோய்ப் பூட்டியது யார்?

அம்மா, காட்டு என்று கேட்டிருக்கலாம். யாராக இருந்தாலும் காட்டு என்று கேட்பதுதான் அவள் படிப்பு. அவள் கேட்கவில்லை. கேட்டால் அம்மா காட்டிவிடுவாள் என்று பயமாக இருந்தது.

வாசலில் கார் வந்து நிற்கும் சத்தம் கேட்டது.

"நிர்மலா, அந்தச் செம்பு எங்கம்மா?" பெரியப்பாவின் குரல். "ராஜாமணிக்கு வெரல் இன்னும் பிசுபிசுங்குதாம். என்னான்னு பாக்கணும்."

தட்டையை ஒடித்த கை அப்படியே நின்றது. நிர்மலாதேவி மகளைப் பார்த்தாள். கெஞ்சவில்லை. வெறுமனே பார்த்தாள்.

சுகுணா எழுந்து தொட்டியடிக்குப் போனாள். புளியும் சாம்பலும் அள்ளிப் போட்டுச் செம்பைத் தேய்த்தாள். உள்ளே கைவிட்டு அடிவரைக்கும் தேய்த்தாள். கழுத்தைத் தேய்த்தாள், விளிம்பைத் தேய்த்தாள். இன்னும் அழுத்தித் தேய்த்தாள். பொய்யான ஒரு வரியைக்கூட ஆய்வேட்டில் விட்டுவைக்காதவள், இரண்டு முறை தண்ணீர் ஊற்றி அலசிக் கவிழ்த்தாள். நிமிர்ந்தபோது பெரியப்பா பின்னால் நின்றுகொண்டிருந்தார்.

"கழுவிட்டியா கண்ணு?"

"கழுவிட்டேங்க பெரிப்பா."

அவர் செம்பை எடுத்தார். உள்ளே விரலை விட்டு ஒரு சுற்றுச் சுற்றினார். வெயிலில் சாய்த்துப் பார்த்தார். கொட்டாய்ப் பக்கம் ஒருமுறை திரும்பிப் பார்த்துவிட்டு, செம்பைப் பத்திரமாகத் தொட்டி மேல் வைத்தார்.

"பரவால்ல வுடு" என்றார் நிதானமாக. "பூ இன்னும் ஆத்தா தோள்லதான ஒட்டிக்கிட்டு இருக்குது."